சோஷியல் பெர்ஃபார்மன்ஸை அளக்குறதும் அதை வச்சு நிறுவனத்தை நடத்துறதும்: ஆரம்பத்துல இருந்து ஒரு முழு வழிகாட்டி

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு தொண்டு நிறுவனத்துல ஒரு ஃபார்ம் இருந்துச்சு. 11 பக்கம், 64 கேள்வி. ஒரு ஆளுகிட்ட உட்கார்ந்து அதை நிரப்ப முக்கால் மணி நேரம் ஆகும், வருஷத்துக்கு ரெண்டு தடவை நிரப்பணும். நாலு வருஷத்து ஃபார்மும் கட்டுக் கட்டா ஒரு இரும்பு பீரோவுல கிடந்துச்சு. ஒருநாள் டைரக்டர் மேடம் சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாங்க, "நம்மகிட்ட பயிற்சி எடுத்து வேலைக்கு போனவங்கள்ல ஆறு மாசம் கழிச்சும் வேலையில இருக்கிறவங்க எத்தனை பேர்?" அந்த 64 கேள்வியில அதுக்கு பதில் இல்ல. வீட்ல எத்தனை ஜன்னல்னு இருந்துச்சு, ரேடியோ இருக்கான்னு இருந்துச்சு, இது மட்டும் இல்ல.

அன்னைல இருந்து நான் ஒரே ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டேன், இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்ப சொல்லப் போறேன்: இந்த நம்பர் ஏறினாலோ இறங்கினாலோ நாம எந்த முடிவை மாத்துவோம்? பதில் இல்லைன்னா அந்த நம்பரை எடுக்காதீங்க. அம்புட்டுதான்.

முதல்ல வார்த்தையைப் புரிஞ்சுக்குவோம்

சோஷியல் பெர்ஃபார்மன்ஸ்னா சமூக சேவை எவ்ளோ பண்ணோம்னு கணக்கு காட்டுறது இல்ல. எத்தனை மரம் நட்டோம், எத்தனை பேருக்கு நோட்டு குடுத்தோம், அதெல்லாம் போட்டோவுக்கு நல்லாருக்கும். நிறுவனம் எதுக்காக இருக்குன்னு எழுதி வச்சிருக்கோமோ அது நடைமுறையில நடக்குதா, யாருக்கு நடக்குது, யாருக்கு நடக்கல, அதுதான் விஷயம். மைக்ரோஃபைனான்ஸ் ஆளுங்க இந்த வார்த்தையை ரொம்ப வருஷமா இந்த அர்த்தத்துலதான் புழங்குறாங்க, மிஷனை நடைமுறையா மாத்துறதுன்னு சொல்வாங்க. கம்பெனி, கூட்டுறவு, டிரஸ்ட், சோஷியல் என்டர்பிரைஸ் எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

இதுல ரெண்டு வேலை இருக்கு. அளக்குறது ஒண்ணு, அளந்ததை வச்சு நடத்துறது இன்னொண்ணு. நிறைய பேர் முதலாவதோட நின்னுடுறாங்க, ரிப்போர்ட் பிரிண்ட் ஆகி வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க, கஷ்டமான பாதி அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

படி 1: மிஷனை உடைச்சுப் போடுங்க

உங்க மிஷன் வாசகத்தை ஒரு பேப்பர்ல எழுதுங்க. "நலிந்த மக்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துவது" அப்படின்னு ஏதாவது இருக்கும். இப்போ அதுகிட்ட நாலு கேள்வி கேளுங்க. நலிந்தன்னா யாரு? வாழ்வாதாரம்னா எது, வருமானமா, வேலையா, கடன் இல்லாம இருக்கிறதா? மேம்படுத்துறதுன்னா எவ்ளோ? எப்போக்குள்ள?

இதை ஆபீஸ்ல ஒரு அஞ்சு பேர்கிட்ட தனித்தனியா எழுதச் சொல்லிப் பாருங்க, அஞ்சு விதமா வரும், அதைப் பார்த்து யாரும் பதறத் தேவையில்ல, ஆனா அந்த அஞ்சும் ஒண்ணாகாம அடுத்த படிக்குப் போகாதீங்க. நல்ல இலக்கு எப்படி இருக்கும்னா: "மூணு வருஷத்துல, எங்ககிட்ட பயிற்சி எடுக்கிறவங்கள்ல பாதிக்கு மேல வறுமைக் கோட்டுக்குக் கீழ உள்ள குடும்பத்துல இருந்து வரணும், அவங்கள்ல பத்துக்கு ஆறு பேராவது ஆறு மாசம் கழிச்சும் வேலையில இருக்கணும்." இதுல யாரு, என்ன, எவ்ளோ, எப்போ நாலும் வந்துடுச்சு பாருங்க.

படி 2: சங்கிலி போடுங்க, ஓட்டை எங்கன்னு பாருங்க

நாம செலவழிக்கிறது, நாம செய்யுற வேலை, அதுல இருந்து உடனே கிடைக்கிறது, அதனால ஆளோட வாழ்க்கையில வர்ற மாற்றம், அந்த மாற்றத்துல நம்மாலதான் வந்த பங்கு. இந்த அஞ்சையும் இடமிருந்து வலமா எழுதுங்க. 300 பேருக்கு வகுப்பு நடத்தினோம்ங்கிறது உடனடிப் பலன். அதுல 180 பேர் வேலைக்குப் போனாங்கங்கிறது மாற்றம். நாம இல்லைன்னாலும் அதுல சில பேர் போயிருப்பாங்க இல்லையா, அவங்களைக் கழிச்சா வர்றதுதான் நம்ம தாக்கம். பெரும்பாலான ஆண்டறிக்கை முதல் வரியோட நின்னுடும், ஏன்னா அதை எண்றது சுலபம்.

முக்கியமானது அம்புக்குறிதான், கட்டம் இல்ல. ஒவ்வொரு அம்புக்கு மேலயும் "இது நடக்கணும்னா எது உண்மையா இருக்கணும்"னு எழுதுங்க. பயிற்சியில இருந்து வேலைக்குப் போற அம்புக்கு மேல, அந்தத் திறமைக்கு ஆள் எடுக்கிற இடம் பக்கத்துல இருக்கணும், போக வர வண்டி இருக்கணும், வீட்ல குழந்தையைப் பார்த்துக்க ஆள் இருக்கணும். நம்ம திட்டம் தோத்தா பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு வரியிலதான் தோக்கும்.

படி 3: இண்டிகேட்டர் (எந்தெந்த நம்பரை எடுக்கப் போறோம்ங்கிறது), கம்மியா வச்சுக்கோங்க

எட்டுல இருந்து பன்னிரண்டு போதும், இது என் கணக்கு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நாலு விஷயம் எழுதுங்க: எப்படிக் கணக்கு போடுறது, யார் எடுக்கிறது, எப்போ எடுக்கிறது, மாறினா என்ன முடிவு மாறும். நாலாவது கட்டம் காலியா இருந்தா அந்த வரியையே அடிச்சிடுங்க, நிதி குடுக்கிற டோனர் கேட்டா மட்டும் தனியா ஒரு லிஸ்ட்ல வச்சுக்கோங்க.

புதுசா யோசிச்சு மண்டையை உடைச்சுக்கவும் வேணாம், ரெடிமேடா நிறைய இருக்கு. எது எதுக்குன்னு தெரியாமதான் ஆளுங்க குழம்புறாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

நிதி சேவை குடுக்கிற நிறுவனம்னா, 2005ல ஆரம்பிச்ச சோஷியல் பெர்ஃபார்மன்ஸ் டாஸ்க் ஃபோர்ஸ்ங்கிற அமைப்பு 2012ல யுனிவர்சல் ஸ்டாண்டர்ட்ஸ்னு ஒரு பொது நெறிமுறை கொண்டு வந்தாங்க. மொதல்ல ஆறு பிரிவு: சமூக உத்தி, தலைமையோட ஈடுபாடு, வாடிக்கையாளருக்கு ஏத்த சேவை, வாடிக்கையாளர் பாதுகாப்பு, ஊழியர் நலன், பொறுப்பான வளர்ச்சியும் லாபமும். 2022ல சுற்றுச்சூழலும் சேர்ந்து ஏழாச்சு. இதை வச்சு நாமளே நம்மை சோதிக்க எஸ்பிஐ5னு (SPI5, பேங்க் இல்ல) ஒரு கருவி இலவசமா கிடைக்குது. மைக்ரோஃபைனான்ஸ் இல்லாதவங்களும் அந்த ஏழு தலைப்பை ஒரு தடவை படிக்கலாம், நல்ல செக்லிஸ்ட்.

ரெடிமேட் இண்டிகேட்டர் பட்டியல் வேணும்னா ஐரிஸ் பிளஸ் (IRIS+), சமூகப் பலனையும் பார்த்து முதலீடு பண்றவங்களோட ஜிஐஐஎன் (GIIN) அமைப்பு நடத்துறது, இலவசம், ஒவ்வொண்ணுக்கும் வரையறை இருக்கும். பெரிய கம்பெனி வெளியுலகத்துக்கு அறிக்கை குடுக்கணும்னா ஜிஆர்ஐ (குளோபல் ரிப்போர்ட்டிங் இனிஷியேட்டிவ்), 1997ல ஆரம்பிச்சு 2000ல முதல் வழிகாட்டி வெளியிட்டவங்க. தொழிலாளர் நிலைமைக்கு எஸ்ஏ 8000, இதுக்கு சான்றிதழ் உண்டு. ஐஎஸ்ஓ 26000, 2010ல வந்தது, இது வெறும் வழிகாட்டி மட்டும்தான், இதுக்கு சான்றிதழே கிடையாது, அதனால யாராவது "ஐஎஸ்ஓ 26000 சர்டிஃபிகேட் வாங்கித் தரேன்"னு வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க.

நாம ஏழைங்களைத்தான் போய்ச் சேர்றோமான்னு பார்க்க பிபிஐ (பாவர்ட்டி ப்ராபபிலிட்டி இண்டெக்ஸ், வறுமை வாய்ப்பைக் கணிக்கிற கேள்வித்தாள்) ரொம்ப உதவும். மொத்தம் 10 கேள்வி, அந்தந்த நாட்டோட வீட்டுச் செலவு சர்வேல இருந்து எடுத்தது, நாட்டுக்கு நாடு கேள்வி மாறும். பதிலுக்கு மார்க் போட்டுக் கூட்டி, பக்கத்துல இருக்கிற அட்டவணையைப் பார்த்தா அந்தக் குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்க எத்தனை சதவீத வாய்ப்புன்னு வரும். மூணு குடும்பத்துக்கு 20, 50, 80னு வந்தா சராசரி 50, அதாவது அந்தக் கூட்டத்துல தோராயமா பாதி. கவனிங்க, இது கூட்டத்தைப் பத்தி சொல்றது, 20 வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து "நீங்க ஏழை இல்ல"ன்னு தீர்ப்பு சொல்றதுக்கு இல்ல. வீட்டு ஜன்னலை எண்றதுல தப்பில்ல, எண்ணினதை இப்படி ஒரு கணக்குல போட்டிருந்தா எங்க பீரோவுக்கும் ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

படி 4: பேஸ்லைனும் சாம்பிளும்

திட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிலைமை என்னன்னு எடுக்கலைன்னா அப்புறம் எதை வச்சு ஒப்பிடுவீங்க? ஆள் உள்ள வர்ற அன்னைக்கே, சேர்க்கை ஃபார்மிலேயே அந்த அஞ்சாறு கேள்வியைச் சேர்த்துடுங்க, தனியா பேஸ்லைன் சர்வேன்னு ஒரு செலவே வராது.

எல்லாரையும் கேட்கத் தேவையில்ல. 95 சதவீத நம்பகத்துல (இதே மாதிரி 100 தடவை எடுத்தா சுமார் 95 தடவை சரியா வரும்ங்கிற அளவுக்கு), கூடக் குறைய 5 சதவீதப் பிழையோட பெரிய கூட்டத்தை அளக்க 385 பேர் போதும். கூட்டமே 1000 பேர்தான்னா 278. பிழை 10 சதவீதம் வரை பரவாயில்லைன்னா 97 பேரே போதும், கண்ணை மூடிக்கிட்டு முடிவெடுக்கிறதை விட அது எவ்வளவோ மேல். ஆனா ஆளைத் தேர்ந்தெடுக்கிறது குலுக்கல்ல வரணும். ஃபீல்டு ஸ்டாஃப்கிட்ட "ஒரு நூறு பேரைக் கேட்டுட்டு வாங்க"ன்னு சொன்னா ரோட்டோரமா இருக்கிற வீடு, சிரிச்சுப் பேசுற ஆள், இதுதான் வரும், அவங்க மேல தப்பில்ல, நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவேன்.

இன்னொரு விஷயம், பாதியில விட்டுட்டுப் போனவங்களை லிஸ்ட்ல இருந்து எடுத்துடாதீங்க. இப்போ இருக்கிறவங்களை மட்டும் கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க, நல்லா இல்லாதவங்கதான் போயிட்டாங்களே. போனவங்கள்ல ஒரு 20 பேருக்கு போன் போட்டு "ஏன் விட்டீங்க"ன்னு கேட்டாலே பெரிய சர்வே சொல்லாததை அது சொல்லும். மாசாமாசம் இதை மட்டும் பண்ணினா கூட பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

படி 5: கேள்வியை எப்படிக் கேட்கிறது

இங்கதான் நிறைய டேட்டா கெட்டுப்போகுது. எங்க ஃபார்மை சுருக்கினப்போ "இப்போ வேலையில இருக்கீங்களா?"ன்னு ஒரு கேள்வி வச்சோம். ரொம்ப தெளிவான கேள்வின்னு நினைச்சோம். ட்ரையல் பார்க்கப் போனப்போ ஒரு அக்கா, தையல் மெஷின் பெடல்ல கால் வச்சபடியே, மடியில பாதி தைச்ச பிளவுஸ், "இல்லப்பா, வேலைக்கெல்லாம் போகல"ன்னாங்க. அவங்களுக்கு வேலைன்னா மாசச் சம்பளம். நான் ஃபார்ம்ல இல்லைன்னு டிக் போட்டிருந்தா அவங்க எங்க கணக்குல தோல்வி.

அப்புறம் கேள்வியை மாத்தினோம். சர்வதேச தொழிலாளர் அமைப்போட வரையறையை எடுத்துக்கிட்டோம்: போன 7 நாள்ல, கூலிக்கோ லாபத்துக்கோ, ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா? அடுத்து எத்தனை மணி நேரம், எவ்ளோ கிடைச்சுது. ஒரே கேள்வி மூணாச்சு, ஆனா மூணுக்கும் பதில் உருப்படியா வந்துச்சு. எந்த ஃபார்மையும் எட்டு பத்து பேர்கிட்ட ஓட்டிப் பார்க்காம வெளிய விடாதீங்க.

யார் கேட்கிறாங்கங்கிறதும் முக்கியம். அடுத்த கடனை சிபாரிசு பண்ற ஆபீசரே வந்து "எங்க சேவை திருப்தியா?"ன்னு கேட்டா யாரு இல்லைன்னு சொல்லுவா? வேற கிளை ஆளை அனுப்புங்க, இல்ல போன்ல வெளியாளை வச்சுக் கேளுங்க. திருப்தியான்னு கேட்கிறதுக்குப் பதிலா "கடைசியா எங்ககூட என்ன பிரச்சினை வந்துச்சு, யார்கிட்ட சொன்னீங்க, என்ன ஆச்சு"ன்னு கேட்டா கதை வரும். 0ல இருந்து 10 வரை மார்க் கேட்டு 9, 10 குடுத்தவங்க சதவீதத்துல இருந்து 0 முதல் 6 வரை குடுத்தவங்க சதவீதத்தைக் கழிக்கிற முறையும் இருக்கு, என்பிஎஸ்னு சொல்வாங்க. அது சுலபம்தான், ஆனா பின்னாடியே "ஏன்?"னு கேட்கலைன்னா ஒண்ணுக்கும் உதவாது.

கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே மாதிரி ஆப்ல டேட்டா எடுத்தா பேப்பரை திரும்ப டைப் அடிக்கிற வேலை மிச்சம், நெட் இல்லாத இடத்துலயும் ஓடும். பேரும் போன் நம்பரும் ஒரு ஃபைல், பதில் வேற ஃபைல், நடுவுல ஒரு ஐடி நம்பர் மட்டும். எதுக்குக் கேட்கிறோம், பதில் சொல்லலைன்னாலும் சேவை நிக்காதுன்னு முதல்லயே சொல்லிடுங்க.

படி 6: சராசரியை நம்பாதீங்க

ஒரு உதாரணக் கணக்கு. 300 பேர் பயிற்சி, 180 பேருக்கு வேலை. 60 சதவீதம், டார்கெட்டும் 60, எல்லாரும் கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம். இப்போ அதே 300ஐ, வீட்ல சின்னக் குழந்தை இருக்கிறவங்க, இல்லாதவங்கன்னு பிரிங்க. குழந்தை இல்லாத 200 பேர்ல 150 பேருக்கு வேலை, அதாவது 75 சதவீதம். குழந்தை இருக்கிற 100 பேர்ல 30 பேர்தான். 60ங்கிற நம்பருக்குள்ள ரெண்டு வேற வேற நிறுவனம் ஒளிஞ்சிருந்திருக்கு.

இப்போ படி 2ல அம்புக்கு மேல எழுதினது ஞாபகம் வருதா? குழந்தையைப் பார்த்துக்க ஆள் இருக்கணும்னு எழுதினோம். இப்போ எடுக்க வேண்டிய முடிவும் தெரியுது: வகுப்பு நேரத்தை மாத்தணும், இல்ல குழந்தைக்கு ஒரு ரூம் போடணும், இல்ல வீட்டுப் பக்கத்துல வேலை குடுக்கிற ஆளைத் தேடணும். ஆண் பெண், ஊர், வருமானம், எந்த கிளை, எந்த ட்ரெய்னர்னு குறைஞ்சது மூணு நாலு விதமா பிரிச்சுப் பாருங்க. பிரிக்கப் போறீங்கன்னா ஒவ்வொரு பிரிவிலயும் போதுமான ஆள் இருக்கணும், அதை சாம்பிள் எடுக்கும்போதே யோசிக்கணும்.

படி 7: இதுல நம்ம பங்கு எவ்ளோ

இந்தக் கணக்கு கொஞ்சம் கசக்கும். 1990கள்ல வந்த எஸ்ஆர்ஓஐ (சோஷியல் ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட், செலவழிச்ச பணத்துக்கு வந்த சமூகப் பலனைக் கணக்கு போடுறது) முறையில இதுக்கு ஒரு கழித்தல் வரிசை இருக்கு. வேற ஒரு உதாரணம் எடுப்போம், 200 பேர் பயிற்சி, 140 பேருக்கு வேலை. நம்மகிட்ட வராத, அதே மாதிரி ஆளுங்கள்ல 35 சதவீதம் பேருக்கு தானாவே வேலை கிடைக்குதுன்னு வச்சுப்போம், 200ல அது 70. மிச்சம் 70. அதுல 30 சதவீதப் பெருமை வேலை தேடிக் குடுத்த இன்னொரு அமைப்புக்குப் போகுதுன்னா மிச்சம் 49. அதுல 7 பேர் வேற யாரோ ஒருத்தர் இருந்த இடத்தைப் பிடிச்சுட்டாங்கன்னா 42. அடுத்தடுத்த வருஷம் பலன் தேயுறதையும் கழிக்கணும்.

140னு அறிக்கையில போட்டுக்கிட்டு இருந்த இடத்துல 42. ஆனா இந்த 42ஐ சொல்ற நிறுவனத்தைத்தான் நான் நம்புவேன். ஒப்பிட ஆள் எங்க கிடைக்கும்னா, விண்ணப்பம் போட்டு இடம் இல்லாம காத்திருக்கிற லிஸ்ட் இருக்கும்ல, அவங்களை விசாரிங்க. எஸ்ஆர்ஓஐல கடைசியா எல்லாத்தையும் பணமா மாத்தி ஒரு விகிதம் சொல்வாங்க, அந்த ஒத்தை நம்பர்ல எனக்கு பெருசா நம்பிக்கை இல்ல, யூகத்தை கொஞ்சம் நகர்த்தினாலே விகிதம் எகிறிடும். கழிக்கிற பழக்கத்தை மட்டும் எடுத்துக்கோங்க.

படி 8: நம்பரை நாற்காலியில உட்கார வைங்க

போர்டு மீட்டிங்ல சமூக நம்பர் எப்பவும் கடைசி அஜெண்டா, எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற நேரம். அதை நிதிக் கணக்குக்கு முன்னாடி கொண்டு வாங்க. ஒரே பக்கம், எட்டு பத்து வரி: போன காலாண்டு, இந்தக் காலாண்டு, டார்கெட், யார் பொறுப்பு. கீழ முடிவுப் பதிவேடுன்னு ஒரு சின்ன அட்டவணை: எந்த நம்பரைப் பார்த்து, என்ன முடிவு, யார் செய்யணும், எந்தத் தேதிக்குள்ள. அடுத்த மீட்டிங் அதுல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம் இந்தப் பதிவேட்ல ஒரு வரி கூட ஏறலைன்னா நீங்க அளந்தது எல்லாம் வீண்.

ஊக்கத்தொகை விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. சார்லஸ் குட்ஹார்ட்னு ஒரு பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975லயே பணக் கொள்கையைப் பத்தி சொன்னது இங்க அப்படியே பொருந்தும்: ஒரு அளவை வச்சு ஆளை அழுத்த ஆரம்பிச்சா அந்த அளவு கெட்டுப்போகும். எத்தனை கடன் குடுத்தேங்கிறதுக்கு மட்டும் போனஸ்னா, திருப்பிக் கட்ட முடியாத ஆளுக்கும் கடன் போகும். வேலை கிடைச்சவங்க சதவீதத்துக்கு மட்டும் போனஸ்னா, எப்படியும் வேலை கிடைக்கிற ஆளைத்தான் வகுப்புல சேர்ப்பாங்க, மிஷன்ல எழுதின "நலிந்த" ஆள் வாசலுக்கு வெளிய நிப்பாரு. அதனால எப்பவும் ரெண்டா வைங்க: எவ்ளோங்கிறதோட யாருக்குங்கிறது, வேகத்தோட புகார்.

புகார்னதும் ஞாபகம் வருது, "எங்களுக்கு இந்த வருஷம் ஒரு புகாரும் இல்ல"ன்னு பெருமையா சொல்ற நிறுவனத்தைப் பார்த்தா எனக்கு பயமா இருக்கும். புகார் சொல்ல வழி இல்லைன்னுதான் அதுக்கு அர்த்தம். புதுசா போன் லைன் திறந்ததும் புகார் கூடும், அது நல்ல அறிகுறி, அதுக்கு யாரையும் திட்டாதீங்க. எத்தனை நாள்ல தீர்த்தோம், ஒரே புகார் எத்தனை தடவை வருதுன்னு பாருங்க.

உள்ள இருக்கிறவங்களை மறக்காதீங்க

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு சொந்த ஸ்டாஃபை ராத்திரி பத்து மணி வரை வச்சிருக்கிற சேவை நிறுவனங்கள் நிறைய. எஸ்ஏ 8000 வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, ஓவர்டைம் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, ஆறு நாளுக்கு அப்புறம் ஒருநாள் லீவுன்னு சொல்லுது. சான்றிதழ் வாங்காட்டியும் உங்க வருகைப் பதிவை எடுத்து இந்த மூணோட ஒப்பிட்டுப் பாருங்க. வருஷத்துக்கு எத்தனை பேர் வேலையை விட்டாங்க, எந்த கிளையில அதிகம்னு போர்டுக்குக் குடுக்கிற அந்த ஒரு பக்கத்துல ஒரு வரி சேருங்க.

வெளியாள் ஆடிட் முதல் வருஷமே வேணாம், ரெண்டாவது மூணாவது வருஷம் பார்த்துக்கலாம். ஆனா நடக்கும்போது ஆடிட்டர் நீங்க குடுத்த லிஸ்ட்ல இருந்து இல்லாம அவரே குலுக்கி எடுத்த ஆளுங்களைப் பார்க்கட்டும். வந்த முடிவை உங்களுக்குப் பதில் சொன்ன மக்கள்கிட்டயும் போய்ச் சொல்லுங்க, நீங்க சொன்னதுல இதை மாத்தினோம், இதை மாத்த முடியல, காரணம் இதுன்னு. அப்படிச் சொன்னாத்தான் அடுத்த தடவை நீங்க கேட்கும்போது நேரம் ஒதுக்கிப் பேசுவாங்க.

முதல் வருஷம் எப்படி ஓட்டுறது

முதல் ரெண்டு மாசம் மிஷனை உடைக்கிறதும் சங்கிலியும். மூணாவது மாசம் இண்டிகேட்டர், ஃபார்ம், ட்ரையல். நாலாவது மாசத்துல இருந்து சேர்க்கை ஃபார்ம்ல பேஸ்லைன் ஓட ஆரம்பிக்கட்டும், விட்டுப் போனவங்களுக்கு போனும். ஏழாவது மாசம் போர்டுக்கு முதல் தடவையா அந்த ஒரு பக்க அறிக்கை, நம்பர் அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல, வைங்க. பத்தாவது மாசம் முதல் ஃபாலோ-அப் சர்வே. வருஷக் கடைசியில யாரும் எட்டிப் பார்க்காத இண்டிகேட்டரை லிஸ்ட்ல இருந்து தூக்குங்க.

இதுக்குன்னு ஒரு ஆளைப் போடணும், முழு நேரம் முடியலைன்னா பாதி நேரம், ஆனா அந்த ஆள் நிதி திரட்டுற டிபார்ட்மென்ட்ல இருக்கக்கூடாது, நல்ல நம்பர் மட்டும்தான் மேல வரும்.

ரெண்டாவது வருஷம் கேள்வியோட வார்த்தையை மட்டும் மாத்திடாதீங்க, போன வருஷத்தோட ஒப்பிட முடியாமப் போயிடும். மாத்தியே ஆகணும்னா ஒரு ரவுண்டுக்கு பழைய கேள்வியையும் புதுக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க, ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம் வருதுன்னு குறிச்சு வச்சுட்டு அப்புறமா பழசை எடுங்க.